ஸ்க்விட் சர்வர் வாங்கிப் போட்டால் இரவு எட்டு மணித் திணறல் தீருமா?

கேள்வி இதுதான்: திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவிலுள்ள ஊர்களில் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வழியாக 280 வீடுகளுக்கு இணைப்பு. மேல் வழங்குநரிடமிருந்து (அப்ஸ்ட்ரீம்) வரும் தனி வாடகை லைன், அதாவது லீஸ்டு லைன், 500 எம்பிபிஎஸ். நான்கு டவர், ஒன்பது செக்டர் (டவரில் ஒரு திசை வீடுகளோடு பேசும் ரேடியோ), நடுவில் ஒரு மைக்ரோடிக் ரவுட்டர். பகலில் குறை ஒன்றுமில்லை. இரவு 8 மணிக்கு மேல் "நெட் சுத்துது" என்று போன் வரத் தொடங்கிவிடுகிறது. ஸ்க்விட் கேச் சர்வர் வைத்தால் பேண்ட்வித் மிச்சமாகி இது தீருமா, இல்லை லைனை 1 கிகாவாக ஏற்றத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, நெரிசல் நேரத்தில் பாக்கெட்டுகள் எந்த இடத்தில் காத்துக் கிடக்கின்றன என்பதை. அந்த இடம் உங்கள் கைக்கு எட்டாததாக இருந்தால் அதைக் கைக்கு எட்டும் இடத்துக்கு இழுத்து வர வேண்டும். ஆற்றில் தண்ணீர் குறைவாக வரும் ஆண்டில் மதகு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கடைமடைக்கும் முறை வைத்து விட முடியும், இதுவும் அப்படித்தான். 500 எம்பிபிஎஸ்ஸைச் சரியாகப் பங்கிட்டால் 280 வீடு தாராளமாக ஓடும். பங்கிடத் தெரியாமல் 1 கிகா வாங்கினால், சில மாதங்களில் அதே போன் அழைப்புகள் திரும்ப வரும்.

ஸ்க்விட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அது 80-ஆம் போர்ட்டில் மறைக்கப்படாமல் போகும் எச்டிடிபி பக்கங்களைச் சேமித்து வைக்கத் தெரிந்த மென்பொருள். ஒரு காலத்தில் யூடியூப் வீடியோவையே அதில் பிடித்து வைத்துத் திரும்பக் கொடுத்தார்கள், அது உண்மை. இன்று உங்கள் வாடிக்கையாளர் பார்க்கும் யூடியூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், ஹாட்ஸ்டார், வங்கிச் செயலி எல்லாமே எச்டிடிபிஎஸ். யூடியூப் பெரும்பாலும் க்விக் என்ற நெறிமுறையில், யுடிபி 443-இல் போகிறது. ஸ்க்விட்டின் கண்ணுக்கே அது தெரியாது. இரண்டு பேர் ஒரே வீடியோவைப் பார்த்தாலும் கம்பியில் ஓடுவது வெவ்வேறு சாவியால் பூட்டிய இரண்டு வேறு தரவு. பூட்டியதைச் சேமித்து வைத்து அடுத்தவருக்குக் கொடுக்க வழியில்லை.

"எஸ்எஸ்எல் பம்ப் போட்டால் பிடிக்கலாம்" என்று கேச் பெட்டி விற்பவர்கள் சொல்வார்கள், அதாவது பூட்டை நடுவில் நின்று திறப்பது. அதற்கு ஒவ்வொரு வாடிக்கையாளரின் போனிலும் உங்கள் சான்றிதழை நிறுவ வேண்டும். நிறுவினாலும் ஆண்ட்ராய்டு செயலிகளில் பெரும்பாலானவை பயனர் சேர்த்த சான்றிதழை ஏற்காது, செயலி திறக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களை நம்பி இணைப்பு வாங்கியவரின் வங்கிக் கடவுச்சொல்லை உங்கள் சர்வரில் திறந்து பார்ப்பதற்குச் சமம் அது. செய்யவே கூடாது. அதைவிட்டு வெறும் 80-ஆம் போர்ட்டை மட்டும் ஸ்க்விட்டுக்குத் திருப்பினால் கிடைக்கும் மிச்சம் அற்பம். அதே நேரம், வீட்டின் முகவரியை மாற்றாமல் அனுப்பும் டிப்ராக்ஸி முறையில் அமைக்காவிட்டால் எல்லா வீட்டாரும் சர்வரின் ஒரே முகவரியில் வெளியே போவார்கள். நாளை காவல்துறை ஒரு முகவரியைக் காட்டி யார் என்று கேட்டால் பதில் சொல்ல உங்களிடம் பதிவு இருக்காது.

கேச் என்பதே வீண் என்று சொல்லவில்லை. வேறு இடங்களில் அது வேலை செய்கிறது, அதில் முதலாவது டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தருவது. ஒரு பக்கம் திறக்க இருபது முப்பது பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் வெளியே போய்த் திரும்பினால் பேண்ட்வித் இருந்தும் "ஸ்லோ" என்ற உணர்வுதான் வரும். 4 ஜிபி நினைவகம், ஒரு சின்ன எஸ்எஸ்டி உள்ள பழைய கணினி போதும். லினக்ஸில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவுங்கள். ஆர்ஆர்செட் கேச் 512 எம்பி, மெசேஜ் கேச் அதில் பாதி, ப்ரீஃபெட்ச் ஆன், செர்வ்-எக்ஸ்பயர்டு ஆன், அதன் கெடு 86400 நொடி. இந்தக் கடைசி அமைப்பு இருந்தால் மேல் லைன் சற்று ஆடினாலும் பழைய பதிலைக் கொடுத்துச் சமாளிக்கும். இப்படி இரண்டு கணினி வையுங்கள். வீடுகள் உள்நுழையும் பிபிபிஓஇ முறையின் ப்ரொஃபைலில் இரண்டு முகவரியையும் கொடுங்கள். ஒன்று படுத்தால் 280 வீட்டுக்கும் "நெட் இல்லை" ஆகிவிடக் கூடாது.

இங்கே இரண்டு தவறு அடிக்கடி நடக்கிறது. கேச் அதிகம் நிற்கட்டும் என்று குறைந்தபட்ச டிடிஎல்லை (பதிலை வைத்திருக்கும் கெடு) ஒரு மணி நேரமாக ஏற்றிவிடுவது ஒன்று. பெரிய நிறுவனங்கள் 30, 60 நொடி என்று வேண்டுமென்றேதான் குறைத்து வைத்திருக்கின்றன. ஒரு சர்வர் நிரம்பினால் அடுத்ததற்குத் திருப்ப அவர்களுக்கு அது தேவை. நீங்கள் ஒரு மணி நேரம் பிடித்து வைத்தால் உங்கள் ஆட்கள் மட்டும் நிரம்பிய சர்வரிலேயே முட்டிக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, மைக்ரோடிக்கிலேயே வெளியார் கேள்விக்குப் பதில் தரும் அமைப்பை ஆன் செய்துவிட்டு, வெளிப்பக்கத்து 53-ஆம் போர்ட்டை மூடாமல் விடுவது. சில நாளிலேயே உலகத்தில் யாரோ யாரையோ தாக்க உங்கள் ரவுட்டரைப் பயன்படுத்துவார்கள். உங்கள் அப்லோடு காரணமே தெரியாமல் நிரம்பும். யுடிபி, டிசிபி இரண்டிலும் 53-ஐ வெளிப்பக்கம் மூடுங்கள்.

கூகுளின் 8.8.8.8 என்று வைத்துவிட்டால் போதாதா என்பார்கள். ஓடும். ஆனால் சிடிஎன்கள் (வீடியோ, படங்களைப் பல ஊர் சர்வர்களில் வைத்துத் தரும் வலைகள்) பலவும், பெயரைக் கேட்கும் டிஎன்எஸ் சர்வர் எந்த வலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் அருகிலுள்ள சேமிப்பு சர்வரைக் கைகாட்டும். உங்கள் சொந்த டிஎன்எஸ் உங்கள் அப்ஸ்ட்ரீமின் முகவரியிலிருந்து கேட்டால், அந்த அப்ஸ்ட்ரீம் தன் வலைக்குள் வைத்திருக்கும் சர்வரே பதிலாக வர வாய்ப்பு அதிகம். அதற்காக வாடிக்கையாளர் தானே வேறு டிஎன்எஸ் வைத்துக்கொண்டால் அதைத் தடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டின் தனியார் டிஎன்எஸ் 853-ஆம் போர்ட்டில் போகும், அதை மூடினால் அந்த போனில் இணைப்பே அறுந்ததுபோல் ஆகிவிடும்.

அடுத்து லான்கேச். விண்டோஸ் புதுப்பிப்புக் கோப்புகள், ஸ்டீம் விளையாட்டுகள் போன்றவை இன்னும் பெரும்பாலும் சாதாரண எச்டிடிபியில்தான் இறங்குகின்றன. கோப்பில் கையொப்பம் இருப்பதால் பாதுகாப்புக்குப் பழுதில்லை. இவற்றுக்கு மட்டும் டிஎன்எஸ்ஸில் பெயரைத் திருப்பி உங்கள் சர்வருக்குக் கொண்டுவந்து சேமித்துக் கொடுப்பதுதான் லான்கேச். 16 ஜிபி நினைவகம், 1 முதல் 2 டிபி எஸ்எஸ்டி போதும். சாதாரண ஹார்டு டிஸ்க் வேண்டாம், பல பேர் ஒரே நேரத்தில் கேட்டால் அது தாங்காது. கல்லூரி விடுதி, கணினி மையம், இ-சேவை மையம் போன்ற கணினி அதிகமுள்ள வாடிக்கையாளர்கள் இருந்தால் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்குப் பிந்திய சில நாள், அதாவது மைக்ரோசாஃப்ட் புதுப்பிப்பு வெளியிடும் நாட்களில், பலன் கண்ணுக்குத் தெரியும். வீடுகளில் போனும் டிவியும்தான் என்றால் இந்தச் செலவை ஒத்திப் போடலாம். ப்ளே ஸ்டோர் புதுப்பிப்புகள் இதில் பிடிபடாது.

உண்மையான பெரிய கேச், கூகுள், மெட்டா, நெட்ஃபிளிக்ஸ் தாங்களே கொடுத்து வைக்கும் சர்வர்கள். அவை 500 எம்பிபிஎஸ் வலைக்குக் கிடைக்காது. கிகாக் கணக்கில் டிராஃபிக் இருக்கும் இடத்துக்குத்தான் தருவார்கள். ஆனால் உங்கள் அப்ஸ்ட்ரீம்காரரிடம் அவை இருக்கும், அல்லது சென்னையில் நிக்சி, டிஇ-சிக்ஸ், எக்ஸ்ட்ரீம் ஐஎக்ஸ் போன்ற இணைப்பு நிலையங்களில் அவர் கூகுளோடும் மெட்டாவோடும் நேரடியாகக் கோத்திருப்பார். அவரிடம் கேட்க வேண்டியது: கேச் வழியாக வரும் டிராஃபிக்குக்குத் தனி விலை உண்டா, தனி அளவு உண்டா, எந்த ஊரில் இறக்குகிறார்? பல அப்ஸ்ட்ரீம்கள் இணையத்தை ஒரு விலைக்கும் கேச் டிராஃபிக்கை அதைவிடக் குறைந்த விலைக்கும் பிரித்துத் தருகிறார்கள். வீட்டு இணைப்பு டிராஃபிக்கில் வீடியோதான் பெரும்பங்கு என்பதால், "500-ஐ 1000 ஆக்குங்கள்" என்று கேட்பதைவிட "500 அப்படியே இருக்கட்டும், மேலே கேச் 500 சேர்த்துக் கொடுங்கள்" என்று கேட்பது பெரும்பாலும் மலிவாக முடியும்.

சொன்னதைச் சோதிக்கவும் வழி உண்டு. கணினியில் யூடியூப் வீடியோவை ஓடவிட்டு, பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் கூகுள்வீடியோ என்று முடியும் சர்வர் பெயர் தெரியும். அதற்கு ட்ரேஸ்ரூட் (போகும் பாதையைக் காட்டும் கட்டளை) போடுங்கள். டெல்டாவிலிருந்து சென்னைக்கு ஃபைபரில் போய்த் திரும்ப 10 மில்லி நொடிக்குள், சுற்றுவழி என்றால் சற்றுக் கூடுதலாக ஆகலாம். 30-ஐத் தாண்டினால் டிராஃபிக் சென்னையில் இறங்காமல் மும்பைக்கோ அதற்கு அப்பாலோ போகிறது என்று பொருள். அந்த ட்ரேஸ்ரூட்டையே அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பிக் கேளுங்கள். வாய்ச்சொல்லைவிட அதற்கு மதிப்பு உண்டு. ஐபிவி6 தருகிறாரா என்றும் கேளுங்கள். கூகுள், மெட்டா, நெட்ஃபிளிக்ஸ் மூன்றும் ஐபிவி6-இல் ஓடும்; வீட்டுக்கு ஒரு /56 முகவரித் தொகுதி கொடுத்துவிட்டால் உங்கள் நேட் (பல வீட்டை ஒரே பொது முகவரியில் அனுப்புவது) சுமை கணிசமாகக் குறையும்.

இனி முக்கியமான வேலை: நெரிசல் எங்கே என்று பார்ப்பது. இரவு 9 மணிக்கு, நடு ரவுட்டரிலிருந்து மூன்று பிங்கை (பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது) ஒரே நேரத்தில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஒன்று அப்ஸ்ட்ரீமின் கேட்வேக்கு. அடுத்தது புகார் வரும் டவரின் செக்டர் ரேடியோவுக்கு. மூன்றாவது அந்தச் செக்டரில் நல்ல சிக்னல் உள்ள ஒரு வீட்டின் ரேடியோவுக்கு. இதையே காலை 6 மணிக்கும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்ஸ்ட்ரீம் பிங் காலையில் 2 மில்லி நொடி, இரவில் 80 என்றால் நெரிசல் மேல் லைனில். அது 2-ஆகவே இருந்து டவர் பிங் ஏறினால் நெரிசல் நடு ரவுட்டரிலிருந்து டவருக்குப் போகும் பேக்ஹால் லிங்கில். டவர் வரை சரியாக இருந்து வீட்டு ரேடியோ பிங் மட்டும் 150, 200 என்று தாவினால் செக்டர் பேசக் கிடைக்கும் நேரம், அதாவது ஏர்டைம், தீர்ந்துவிட்டது. மூன்றுமே சரியாக இருந்தும் புகார் வந்தால் அந்த வீட்டுக்குள்ளிருக்கும் வைஃபைதான். மர பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரை வைத்துவிட்டு உங்களைத் திட்டுபவர்கள் உண்டு.

பேக்ஹாலில் ரேடியோவைப் பார்ப்பதற்கு முன் ஈதர்நெட் போர்ட்டைப் பாருங்கள். நாகை, வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் உப்புக் காற்றில் ஆர்ஜே45 பின்கள் பச்சை பூத்துவிடும். நான்கு ஜோடிக் கம்பியில் ஒன்று விட்டுப்போனாலே 1 கிகா போர்ட் தானாக 100-க்கு இறங்கிவிடும். ரேடியோ 300 தாங்கும் என்று திரை காட்டும், ஆனால் கிராஃப் 94 எம்பிபிஎஸ்ஸில் கோடு போட்டதுபோல் தட்டையாக நிற்கும். அந்த 94-ஐப் பார்த்தால் வேறெதையும் யோசிக்காமல் டவர் ஏறிக் கனெக்டரை மாற்றுங்கள். வெளியிடத்துக்கான ஷீல்டு கேபிள், ஜெல் நிரப்பிய கனெக்டர், கேபிள் நுழையும் இடத்தில் சொட்டு வளைவு ஆகியவை கடலோரத்தில் கட்டாயம்.

மேல் லைனில் நெரிசல் என்றால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் 500 எம்பிபிஎஸ்ஸை அப்ஸ்ட்ரீம் தன் பெட்டியில் வெட்டுகிறார். வரம்பைத் தொட்டதும் அவர் பெட்டி பாக்கெட்டுகளைக் கண்மண் தெரியாமல் கீழே போடும், அல்லது பெரிய பஃபரில் அடைத்து வைக்கும். அங்கே யாருடைய பாக்கெட் என்ற கணக்கு கிடையாது. நாலு வீட்டில் பெரிய டவுன்லோடு ஓடினால், அவற்றுக்குப் பின்னால் மற்ற 276 வீட்டின் கூகுள் பே பாக்கெட்டும் வீடியோ காலும் வரிசையில் நிற்கும். ஆகவே உங்கள் ரவுட்டரில் மொத்த வரம்பை 500-க்கும் கீழே, 465 முதல் 475-க்குள் வையுங்கள். இழக்கும் 30 எம்பிபிஎஸ் வீணில்லை. அந்த விலைக்குத்தான் வரிசை உங்கள் பெட்டிக்கு வருகிறது. சரியாக 500 என்று வைத்தால் ஒரு பயனும் இல்லை, வரிசை மேலேயே நிற்கும். வைத்த பிறகு இரவு 9 மணிக்கு அப்ஸ்ட்ரீம் பிங் எடுங்கள். 10-க்குக் கீழ் வரும்வரை 5 எம்பிபிஎஸ்ஸாக இறக்குங்கள்.

வரிசையை எப்படி நடத்துவது என்பதில் மைக்ரோடிக்கின் ரவுட்டர்ஓஎஸ் 7 வந்த பிறகு வேலை எளிதாகிவிட்டது. அதில் எஃப்கியூ-கோடெல், கேக் இரண்டும் கியூ (வரிசை) வகையாகவே இருக்கின்றன. எஃப்கியூ-கோடெல் 2018-இல் ஆர்எஃப்சி 8290 ஆக வெளியானது; கேக் அதே ஆண்டு லினக்ஸ் 4.19 கெர்னலில் சேர்ந்தது. ஒவ்வொரு ஓட்டத்தையும் தனித்தனி வரிசையாகப் பிரித்து மாறி மாறி அனுப்புவதும், 5 மில்லி நொடிக்கு மேல் தேங்கிக்கொண்டே இருக்கும் வரிசைக்குத் தொடக்கத்திலேயே "மெதுவாக அனுப்பு" என்று சொல்வதும்தான் இவற்றின் வேலை. பழைய முறையில் வந்த வரிசைப்படியே அனுப்பும் 50 பாக்கெட் பிஃபோ வரிசை என்றால், 2 எம்பிபிஎஸ் அப்லோடு உள்ள வீட்டில் அது நிரம்பும்போது 300 மில்லி நொடி தாமதம். சிசிடிவி கேமரா மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் வீட்டில் ஆன்லைன் வகுப்பு உடைவதற்கு இதுவே காரணம். டவுன்லோடு வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் அது தீராது.

அமைக்கும் முறை: 470 எம்பிபிஎஸ் வரம்போடு, எல்லா வீட்டுக் கியூவுக்கும் மேலாக ஒரு தாய்க் கியூ. பிபிபி ப்ரொஃபைலில் பேரண்ட் கியூவாக அதைக் காட்டி, கியூ வகையை எஃப்கியூ-கோடெல் அல்லது கேக் என்று கொடுங்கள். வாடிக்கையாளர் கணக்கு வைக்கும் ரேடியஸ் சர்வரிலிருந்து வரும் ரேட் லிமிட் வரியில் திட்டத்தின் வேகமும், கடைசியில் குறைந்தபட்ச உறுதி வேகமும் இருக்கட்டும். வீட்டுக்கு 1.5 எம்பிபிஎஸ் உறுதி என்றால் 280 வீட்டுக்கு 420. தாயின் 470-க்குள் அடங்குகிறது. இந்தக் கூட்டுத்தொகை தாயின் வரம்பைத் தாண்டவே கூடாது, தாண்டினால் பங்கீடு குலைந்துவிடும். அந்த வரியில் முதலில் வருவது ரவுட்டர் வாங்குவது, அதாவது வாடிக்கையாளரின் அப்லோடு. இரண்டாவது அவருடைய டவுன்லோடு. மாற்றி எழுதிவிட்டு "50 எம்பி திட்டத்தில் 5 தான் வருகிறது" என்று திண்டாடுவது அன்றாடம் நடப்பது.

ஃபாஸ்ட்ட்ராக் விதி ஃபயர்வாலில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது சிம்பிள் கியூவைத் தாண்டிக்கொண்டு போய்விடும். கியூ எல்லாம் சரியாக எழுதியும் ஒன்றும் நடக்காததற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். எடுத்ததும் சிபியு சுமை ஏறும். ப்ரொஃபைல் கருவியில் மொத்தச் சராசரியைப் பார்க்காமல் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகப் பாருங்கள். சராசரி 30% இருக்கும்போதே ஒரு கோர் 100% தொட்டு நிற்கலாம். அப்படி நின்றால் கேக்கை விட்டு எஃப்கியூ-கோடெலுக்கு வாருங்கள், அது இலேசானது. அதிலும் நின்றால் கியூ வேலையை ரவுட்டரிலிருந்து எடுத்து லிப்ரேகியூஓஎஸ்ஸுக்கு மாற்றும் காலம் வந்துவிட்டது. அது சிறு இணைய வழங்குநர்களுக்கென்றே எழுதிய இலவச மென்பொருள். இன்டெல் எக்ஸ்520 அல்லது எக்ஸ்710 கார்டு உள்ள ஒரு லினக்ஸ் கணினியைப் பாலம்போல் நடுவில் வைத்து, டவர், செக்டர், வீடு என்ற மர அமைப்பை ஒரு கோப்பில் எழுதினால், ஒவ்வொரு மட்டத்துக்கும் அதன் வரம்பு, ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கேக் என்று பார்த்துக்கொள்ளும். அந்தக் கணினி நின்றால் டிராஃபிக் போக இன்னொரு கேபிளில் ஓஎஸ்பிஎஃப் (வழியைத் தானே தேர்ந்தெடுக்கும் நெறிமுறை) காஸ்ட் கூடுதலாக வைத்த மாற்றுவழி கட்டாயம் இருக்க வேண்டும்.

யூடியூபை மட்டும் இழுத்துப் பிடித்தால் எல்லாம் சரியாகும் என்று செயலி வாரியாக வேகம் குறைக்கும் விதிகளை எழுதுகிறார்கள். அது சட்டத்துக்கும் புறம்பு, வேலைக்கும் ஆகாது. 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை இணையச் சமநிலைக் கொள்கையை ஏற்றது, பிறகு உரிம நிபந்தனையிலேயே சேர்த்தது. குறிப்பிட்ட உள்ளடக்கத்தைத் தடுப்பதும் வேகம் குறைப்பதும் கூடாது. எல்லாருக்கும் பொதுவான நியாயமான நெரிசல் மேலாண்மைக்கு அதில் இடம் உண்டு. வீட்டுக்கு வீடு சம பங்கு என்பது அந்த வகை. தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் வீடியோ செயலி கிடைக்கும் வேகத்துக்குத் தானே தரத்தை மாற்றிக்கொள்ளும். நெட்ஃபிளிக்ஸ் 1080பி-க்குக் கேட்பது 5 எம்பிபிஎஸ், 720பி-க்கு 3. இரவு 9 மணிக்கு ஒரே நேரத்தில் 120 வீடு இழுத்தால்கூட 470-ஐப் பிரித்தால் வீட்டுக்குச் சுமார் 3.9. பங்கீடு சமமாகவும் தாமதம் குறைவாகவும் இருந்தால் அந்த 3.9-இல் படம் நிற்காமல் ஓடும். வரிசை ஒழுங்கில்லாமல் 6 கிடைத்தாலும் சுற்றும்.

செக்டர் ஏர்டைம்தான் மிகக் கடினமான பகுதி, வயர்லெஸ்காரரின் தலைவலி முக்கால்வாசி இங்கேதான். ரேடியோவில் பங்கிடப்படுவது எம்பிபிஎஸ் அல்ல, நேரம். 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 802.11என் ரேடியோ இரண்டு ஸ்ட்ரீமில் நல்ல சிக்னலில் 130 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும். சிக்னல் கெட்டால் அதுவே 26-க்கு இறங்கும். நடைமுறையில் இதில் ஏறத்தாழ 60% தான் கையில் கிடைக்கும். இரண்டு வீட்டுக்கும் 10 எம்பிபிஎஸ் திட்டம் என்று வையுங்கள். நல்ல சிக்னல் வீடு அந்த 10-ஐ எடுக்கச் செக்டரின் நேரத்தில் 13% தின்னும். கெட்ட சிக்னல் வீடு 64% தின்னும். அப்படிப்பட்ட இரண்டு வீடு ஒரே நேரத்தில் படம் பார்த்தால் மீதி முப்பது வீட்டுக்கும் சேர்த்து ஒன்றும் மிஞ்சாது. நடு ரவுட்டரில் எத்தனை அழகான கியூ எழுதினாலும் இது தீராது.

அதனால் செக்டர் வாரியாக வீடுகளை எம்சிஎஸ் அல்லது சிசிகியூ (ரேடியோ இணைப்பின் தரத்தைக் காட்டும் எண்கள்) வரிசையில் அடுக்கி, கடைசி ஐந்து வீடுகளுக்கு முதலில் ஆள் அனுப்புங்கள். சிக்னல் மைனஸ் 65 டிபிஎம்முக்குள் இருக்கட்டும். மைனஸ் 75-க்கும் கீழே போனால் புது இணைப்பே கொடுக்காதீர்கள், அந்த ஒரு சந்தாவால் முப்பது சந்தா கெடும். டிஷ்ஷைத் திருப்புவது, குழாயை உயர்த்துவது, பக்கத்து டவருக்கு மாற்றுவது, 16 டிபிஐ (ஆன்டெனா அலையைக் குவிக்கும் திறன்) ரேடியோவுக்குப் பதில் 23 அல்லது 25 டிபிஐ டிஷ் போடுவது: எதுவும் 1 கிகா லைனைவிட மலிவு. சேனல் அகலத்தை 40-க்கு ஏற்றி வேகம் கூட்டப் பார்க்காதீர்கள். 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிக் கிடைத்தது உண்மைதான். ஆனால் ஒரே டவரில் மூன்று செக்டர், பக்கத்தில் போட்டியாளரின் மூன்று செக்டர் என்றால் 40 அகலத்தில் இரைச்சலும் இரட்டிக்கும். செக்டருக்கும் தாய்க் கியூ வையுங்கள்: நெரிசல் நேரத்தில் அளந்த உண்மை வேகத்தில் 80%.

டெல்டாவுக்கென்று சில குணங்கள் உண்டு. நிலம் தட்டை, மலையோ மேடோ உதவிக்கு வராது. உயரம் முழுவதையும் டவர்தான் கொடுக்க வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டர் லிங்குக்கு நடுவில் அலைக்குத் தேவையான வெற்று இடமான ஃப்ரெனல் வட்டத்தின் ஆரம் 8 மீட்டர், 10 கிலோமீட்டருக்கு 11.4 மீட்டர், அதில் 60% ஆவது தடையில்லாமல் இருக்க வேண்டும். நடுவில் தென்னந்தோப்பு இருந்தால் மட்டைக்கு மேலிருந்து இந்த இடைவெளியைக் கணக்கிடுங்கள், வளர்ச்சிக்கு இன்னும் இரண்டு மீட்டர் சேர்த்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் லிங்க் விழுவதற்கு மழைத்துளி காரணமில்லை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மழை பொருட்டே அல்ல. நனைந்த மட்டையும் தண்ணீர் புகுந்த கனெக்டரும்தான் காரணம். 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ கதை வேறு. காற்றிலேயே கிலோமீட்டருக்கு 15 டெசிபெல் போய்விடும், அடைமழையில் அதற்கு மேலும் போகும். தெருவைத் தாண்டும் தூரத்துக்கு மேல் அதை நம்பி மட்டும் பேக்ஹால் போடாதீர்கள், பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் மாற்று லிங்க் வேண்டும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கோடையில் காய்ந்து கிடந்த வயலில் நடவுக்குத் தண்ணீர் கட்டியதும் வயல் முழுவதும் கண்ணாடிபோல் ரேடியோ அலையைத் திருப்பும். நேர் அலையும் வயலில் பட்டு வரும் அலையும் எதிரெதிராகச் சேரும் உயரத்தில் டிஷ் இருந்தால், சித்திரையில் மைனஸ் 60 காட்டிய லிங்க் நடவுக் காலத்தில் எட்டுப் பத்து டெசிபெல் இறங்கும். ரேடியோ பழுது என்று மாற்றினாலும் சரியாகாது. டிஷ்ஷை ஒரு மீட்டர் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். தண்ணீர் நிற்கும் நாளிலேயே அந்த உயரத்தை முடிவு செய்யுங்கள்.

செக்டரில் வீணாகும் நேரத்தில் எல்லா வீட்டுக்கும் போகும் தேவையற்ற பிராட்காஸ்டும் சேரும். வீட்டு ரவுட்டரில் வான் போர்ட்டுக்குப் பதில் லான் போர்ட்டில் கேபிளைச் செருகிவிட்டால், அந்த வீட்டு டிஎச்சிபி ஊருக்கே முகவரி கொடுக்கத் தொடங்கும். வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து வரும் ஃபிரேம்களில் பிபிபிஓஇ-க்கான 0x8863, 0x8864 இரண்டு வகை மட்டும் நுழைய பிரிட்ஜ் ஃபில்டர் போடுங்கள்; செக்டரில் கிளையண்ட் ஐசொலேஷன் (வீடுகள் ஒன்றோடொன்று பேசாமல் தடுப்பது) ஆன் செய்யுங்கள். பிபிபிஓஇ-யில் பாக்கெட்டின் அளவு வரம்புகளான எம்டியு 1492, எம்எஸ்எஸ் 1452 சரியாக வருகிறதா என்றும் பாருங்கள். தவறினால் சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்கும், அதையும் வேகக் குறை என்றுதான் வாடிக்கையாளர் சொல்வார்.

நேட் பற்றிச் சுருக்கமாக. வீட்டுக்கு 100.64 தொடக்க முகவரி, ஒரு பொது முகவரிக்கு 32 வீடு, வீட்டுக்கு 2000 போர்ட் என்று நிலையாகப் பிரித்துவிடுங்கள். 280 வீட்டுக்கு ஒன்பது பொது முகவரி. எல்லாரையும் ஒரே முகவரியில் தள்ளினால் மாலையில் போர்ட் தீர்ந்து புது இணைப்புகள் தோற்கும், கூகுள் கேப்சா கேட்கும். நிலையான பிரிப்பில் யார் எந்தப் போர்ட் என்பது கணக்கிலேயே தெரிவதால் நேட் பதிவின் அளவும் வெகுவாகக் குறையும். இணைப்புப் பதிவுகளை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனை திருத்தப்பட்டது. என்ன வடிவில் எவ்வளவு வேண்டும் என்பதை உரிமம் வைத்திருக்கும் உங்கள் மேல் வழங்குநரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக மாற்று லைன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கம்பமும் ஃபைபரும் சேர்ந்தே போயின; அந்த அளவு இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வடகிழக்குப் பருவத்திலும் ஃபைபர் அறும். வேறு பாதையில் வரும் 100 எம்பிபிஎஸ் மாற்று லைன் வைத்திருப்பவர்கள்கூட ஒன்றை மறந்துவிடுகிறார்கள். லைன் மாறும்போது தாய்க் கியூவும் 470-லிருந்து 94-க்கு இறங்க வேண்டும், வீட்டு உறுதி வேகம் 1.5-லிருந்து 0.3-க்கு வர வேண்டும். இறங்காவிட்டால் வரிசை மீண்டும் மேலே போய்விடும், 100 இருந்தும் யாருக்கும் ஒன்றும் ஓடாது. மைக்ரோடிக்கின் நெட்வாட்ச்சில் முதன்மை கேட்வேயைக் கண்காணிக்கவிட்டு, அது விழும்போதும் எழும்போதும் தாய்க் கியூவின் வரம்பை மாற்றி, வீடுகளின் பிபிபிஓஇ இணைப்புகளையும் ஒருமுறை துண்டிக்கும் ஸ்கிரிப்டை எழுதுங்கள். மறுபடி இணையும் வீடுகளுக்குச் சரியான உறுதி வேகம் வர ரேடியஸில் "அவசரகாலம்" என்று இரண்டாவது ப்ரொஃபைல் தொகுப்பு ஒன்றும் தயாராக இருக்கட்டும். புரட்டாசியிலேயே ஒரு நாள் அதிகாலையில் முதன்மை லைனைக் கையால் பிடுங்கிவிட்டுச் சோதித்துப் பாருங்கள். 280 வீடும் ஒரே நேரத்தில் மறுபடி இணையும்போது ரேடியஸ் சர்வர் தாங்குகிறதா என்பதும் அன்றே தெரிந்துவிடும்.